இரண்டு தட்டும் ஓர் உள்ளங்கையும்

நூஹ் வாயைத் திறப்பதற்கு முன் எதையாவது தட்டுவான். தேநீர் குடித்துக்கொண்டிருந்தால் கோப்பையைக் கரண்டியால். வாசலில் நின்றால் கம்பிக் கதவைச் சாவியால். சமையலறையில் என்றால் எரிவாயு சிலிண்டரை விரல் மோதிரத்தால். டக், டக். இரண்டே தட்டு. அதற்குப் பிறகுதான் பேச்சு வரும். விருந்தினர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்க் காட்டுவது அவன் வேலை. அங்கே கத்தினால் யாருக்கும் கேட்காது. முதுகிலிருக்கும் காற்றுச் சிலிண்டரை எஃகுக் குச்சியால் தட்டினால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கம் கரையேறி அவனோடு வீட்டுக்கும் வந்துவிட்டது.

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அந்தத் தட்டலுக்கு நாஸ்மீனிடம் ஒரு பதிலும் வளர்ந்திருந்தது. ரோஷி ரொட்டிக்கு மாவு தேய்த்துக்கொண்டிருப்பாள், அல்லது துணி மடித்துக்கொண்டிருப்பாள். தலையைத் திருப்பாமல் வலது உள்ளங்கையை மட்டும் அவன் பக்கம் விரித்துக் காட்டுவாள். இரு, வருகிறேன் என்று அர்த்தம். அவனும் இருப்பான்.

"நல்ல குடும்பம்! ஒண்ணு தட்டுது, ஒண்ணு கையைக் காட்டுது. ஊமைப்படம் பார்க்கிற மாதிரி இருக்கு" என்பாள் நூஹின் அக்கா ஹவ்வா. பக்கத்து வீடுதான் அவளுடையது. வேலிக்கு அந்தப் பக்கம் கயிற்று நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தால் இந்த வீட்டில் நடப்பது எல்லாம் தெரியும்.

நாஸ்மீன் தீவின் சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதுகிறவள். சத்தமாகப் பேசமாட்டாள். கூட்டத்தில் ஓரமாக நிற்பாள். அவளுக்கு முப்பத்திரண்டு வயதானபோது ஒரு ஜெர்மன்காரர் ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் தன் பழைய கேமராவையும் அதற்கான தண்ணீர்புகாக் கூட்டையும் நூஹிடம் கொடுத்துவிட்டுப் போனார். கூட்டின் கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தது. நூஹுக்கு அதில் ஆசை இல்லை. "எனக்கு ஆளுங்களைப் பார்க்கவே ரெண்டு கண்ணு பத்தலை. நீ வேணா எடுத்துக்கோ" என்றான்.

சிலிண்டர் மாட்டி மூழ்க அவளுக்கு ஏற்கெனவே தெரியும், அவன்தான் பழக்கியிருந்தான். வெள்ளிக்கிழமை காலையில், தொழுகைக்கு முன், நூஹ் வேலை செய்யும் மூழ்குக் கடையின் முதலாளி அத்ஹம் மீதமிருக்கும் சிலிண்டர்களைத் தன் ஆட்களுக்கு விடுவார். அந்த நேரம் இவர்கள் இருவரும் இறங்குவார்கள். ஜாபிர் தன் தோணியை அவர்கள் விடும் காற்றுக்குமிழிகளைப் பார்த்துக்கொண்டே மேலே ஓட்டி வருவார்.

முதல் வருஷம் அவள் எடுத்ததில் ஒன்றும் தேறவில்லை. எல்லாம் நீலச் சாம்பலாக, ஆறிப்போன மீன்சாறு மாதிரி இருந்தது. மீன்களை அவள் துரத்தினாள், அவை வாலைக் காட்டிவிட்டுப் போயின. நூஹ் திரையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பான்.

"இது என்னது, மீனா? ஹவ்வா அக்காவோட செருப்பா?"

"கிளிமீன்."

"கிளிமீனோட அம்மாவுக்கே அடையாளம் தெரியாது."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சுகாதார நிலையத்தில் கூட்டமில்லாத மதியங்களில் கைப்பேசியில் மற்றவர்கள் எடுத்ததை ஒலியில்லாமல் ஓடவிட்டுப் பார்த்தாள். எங்கே கேமரா ஆடவில்லை, ஏன் ஆடவில்லை என்று கவனித்தாள். மூச்சை நிதானமாக விட்டால் உடம்பு எழும்பாமல் தாழாமல் நிற்கும் என்று புரிந்தது. மீனுக்கு மேலே நின்று எடுக்கக் கூடாது, அதற்குக் கீழே போக வேண்டும். கிட்டப் போக வேண்டும், ஆனால் துரத்தக் கூடாது. அது வரும் வழியில் முன்னாலேயே போய்க் காத்திருக்க வேண்டும். ஆழத்தில் சிவப்பு நிறம் செத்துப்போகும். அதைத் திருப்பிக் கொண்டுவர, கேமராவுக்குத் தன் வெளிறிய உள்ளங்கையைக் காட்டி இதுதான் வெள்ளை என்று சொல்லிக்கொடுக்கக் கற்றாள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: பொத்தானை அழுத்தியபின் மனசுக்குள் பத்து எண்ணும்வரை எதற்கும் அசையக் கூடாது.

அந்தப் பத்து முதலில் கைகூடவே இல்லை. நாலு எண்ணுவதற்குள் நூஹ் எங்கே என்று தலை திரும்பிவிடும், படமும் கூடவே திரும்பும். மூன்றாம் வருஷத்தில் பத்து வந்தது. பிறகு முப்பது. நாலாம் வருஷத்தில் ஒரு மயில் இறால் வளையிலிருந்து வெளியே வந்து இரையைப் பிடிப்பதை இரண்டு நிமிஷம் ஆடாமல் எடுத்தாள். படகுத்துறையில் ஆண்கள் கைப்பேசியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். "நம்ம நூஹ் பொண்டாட்டியா? வாயைத் திறந்து ஸலாம் சொல்லவே அரை நாள் ஆகுமே!" என்றார் ஜாபிர். அன்றைக்கு நூஹ் கோப்பையைத் தட்டவில்லை. "இதை நான் நேர்லகூட இப்படிப் பார்த்ததில்லை" என்று மட்டும் சொன்னான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அவளுக்கு வேண்டியிருந்தது ஆனைத்திருக்கை. தீவுக்கு வடக்கே பவளப்பார் பிளந்து கடல் உள்ளே வந்து போகும் வாய் ஒன்று உண்டு. அதன் உதட்டில் ஒரு பாறை. திருக்கைகள் அங்கே வந்து சிறகை விரித்து நிற்கும், குட்டி மீன்கள் உடம்பைக் கொத்திச் சுத்தம் செய்யும். நீரோட்டம் அங்கே கடுமை. கயிற்றின் நுனியிலிருக்கும் கொக்கியைச் செத்த பாறையில் மாட்டிக்கொண்டு காற்றாடி மாதிரி தொங்கினால்தான் ஓரிடத்தில் நிற்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை தோணியில் பார்த்தால் நாஸ்மீனின் கொக்கியைக் காணவில்லை. வீட்டில் கொடிக்கம்பியில் தொங்கவிட்டபடியே மறந்து வந்திருந்தாள்.

"இன்னிக்கு வேணாம், திரும்பிடலாம்" என்றாள்.

நூஹ் தோணியின் பக்கப்பலகையைத் தட்டினான். "என்னுதை மாட்டிக்கோ. உனக்குத்தானே ரெண்டு கையும் வேணும்? நான் கல்லைப் பிடிச்சிக்கிறேன். பத்து வருஷமா அதைப் பிடிச்சுட்டுத்தான் நிக்கிறேன்."

பதினெட்டு மீட்டர் ஆழத்தில் அவள் கொக்கியை மாட்டினாள். நூஹ் வலது பக்கம், இரண்டு கை நீளத் தொலைவில், பாறை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் இடது பக்க நீலத்திலிருந்து ஒரு திருக்கை வந்தது. பெரிய வீட்டுக்கூரை அகலம். அவள் பொத்தானை அழுத்தினாள், எண்ணத் தொடங்கினாள். திருக்கை சுற்றியது, விலகியது, மறுபடி வந்தது. கடைசியில் அவள் தலைக்கு மேலேயே வந்து, வெள்ளை வயிறு கண்ணாடியை நிறைக்க, அசையாமல் நின்றது. அப்படி ஒன்று வாழ்நாளில் ஒரு தடவை கிடைக்கும். அது போன பிறகுதான் அவள் வலது பக்கம் திரும்பினாள். பாறை மட்டும் இருந்தது.

ஒரு நிமிஷம் தேடு, பிறகு மேலே வா என்பது அவன் சொல்லிக்கொடுத்தது. தேடினாள், வந்தாள். தோணி பக்கத்திலேயே நின்றது.

"அவன் எங்கே?" என்றார் ஜாபிர்.

தண்ணீர் முழுக்க வெயில் சில்லுசில்லாகச் சிதறிக் கிடந்தது. ஜாபிர் பார்த்துக்கொண்டிருந்தது அவள் விட்ட குமிழிகளை. பவளப்பாரின் வாயிலிருந்து நீரோட்டம் வெளிக்கடல் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று ஜும்ஆவுக்குப் பாதி ஆண்கள் வரவில்லை. ஏழு தோணிகள் வெளிக்கடலுக்குப் போயின. நாஸ்மீன் நனைந்த உடுப்போடு படகுத்துறையில் உட்கார்ந்திருந்தாள். ஹவ்வா அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஓதிக்கொண்டே இருந்தாள், நடுநடுவே "இதைப் பார்க்க எங்கம்மா இல்லாம போனது நல்லதாப் போச்சு" என்றாள். அஸர் தொழுகை முடிந்த நேரத்தில் சூரை பிடிக்கப் போன வேற்றூர்த் தோணி ஒன்று அவனைக் கொண்டுவந்தது. ஒற்றைக் கால்துடுப்பு. ஆரஞ்சுநிற மிதவைக் குழலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு ஐந்தரை மணி நேரம் மிதந்திருக்கிறான். உதடு வெடித்து, நாக்கு தடித்திருந்தது.

ஊரே துறையில் நின்றது. நாஸ்மீன் அவனை நோக்கி ஓடினாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. வாழ்க்கையில் அவள் பத்துப் பேர் கேட்கச் சத்தம் போட்டது அன்றைக்குத்தான்.

"ஒரு தட்டு தட்டக் கூடாதா? வீட்ல ஊசி விழுந்தாக்கூடத் தட்டுவியே! அங்க ஒரு தட்டு தட்டக் கூடாதா?"

நூஹ் அவளைப் பார்த்தான். யாரோ நீட்டிய இளநீரை வாங்கிக் குடித்தான். "கை வழுக்கிடுச்சு. என் தப்புதான்" என்றான்.

ஊருக்கு அது போதும். தட்டவே இல்லையாம், பொண்டாட்டியே சொல்றா என்றார்கள். கீழே பெண்ணை விட்டுவிட்டு மேலே போய்விட்டான் என்றார்கள். அத்ஹம் மூன்று நாள் பொறுத்து அவனைக் கூப்பிட்டார். "உன்மேல எனக்குக் கோபம் இல்ல, நூஹ். ஆனா கூட வந்தவங்களையே தொலைக்கிற கைடை நம்பி நான் வெளிநாட்டுக்காரனை எப்படி அனுப்புறது? கொஞ்ச நாள் காத்து அடிக்கிற மெஷினைப் பார்த்துக்கோ." அவன் சரி என்றான். மறுநாள் முதல் கடைக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், அந்த இரைச்சலில் உட்கார்ந்து சிலிண்டர்களை நிரப்பினான். துறைக்குப் போனால் ஜாபிரே கேட்டார்: "என்ன நூஹு, கரையில நீரோட்டம் எப்படி?" எல்லாரும் சிரித்தார்கள். நூஹும் சிரித்தான்.

கேமராவைப் பன்னிரண்டு நாள் அவள் தொடவில்லை. அத்ஹம்தான் ஆளனுப்பிக் கேட்டார். திருக்கை தலைக்கு மேல் நிற்கும் பகுதிக்கு நேராகப் போய், நாற்பது வினாடி மட்டும் வெட்டிக் கொடுத்தாள். கடைச் சுவரில் இருந்த பெரிய டிவியில் அவர் அதைப் போட்டார். அது நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப ஓடியது. இறங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். யார் எடுத்தது என்று கேட்டார்கள். பெருநாளன்று துறையில் திரை கட்டி நாஸ்மீன் எடுத்ததையெல்லாம் போடலாம் என்று தீவு மன்றத்தில் பேச்சு வந்தது. ஹவ்வாவுக்குப் பெருமை ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். "புருஷன் தகரக் கொட்டகையில, பொண்டாட்டி டிவியில. நல்ல காலம்தான்" என்றாள் வேலிக்கு மேலே.

பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை முற்பகல், படத்தை ஒழுங்குபண்ண நாஸ்மீன் மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். அப்போதுதான் திருக்கைப் படத்தை முதலிலிருந்து பார்த்தாள். மொத்தம் மூன்று நிமிஷம் நாற்பது வினாடி.

முதல் நிமிஷத்தில் திருக்கை தூரத்தில் சுற்றுகிறது. காட்சியின் வலது ஓரத்தில், அகன்ற லென்ஸ் சேர்த்து இழுத்துக்கொண்டதால், நூஹ் சின்னதாகத் தெரிகிறான். ஒரு கையால் பாறையைப் பிடித்திருக்கிறான். ஒரு காலில் துடுப்பு இல்லை. உடம்பு நீரோட்டத்தில் துணி மாதிரி படபடக்கிறது. மற்றக் கையில் எஃகுக் குச்சி.

டக், டக்.

டக், டக்.

நீருக்கடியில் அந்த ஓசை வீட்டில் கேட்பதைவிடத் தெளிவாக இருந்தது. அவன் அவளைப் பார்த்துத் தட்டுகிறான். பிறகு குச்சியால் அவள் இடுப்பிலிருந்த கயிற்றைக் காட்டுகிறான். மறுபடி தட்டுகிறான். அப்போது காட்சிக்குள் ஒரு கை வருகிறது. பெரிதாக, வெளிறி, விரல்கள் விரிந்து. உள்ளங்கை அவன் பக்கம். கல்யாண மோதிரம்கூடத் தெரிகிறது. இரு.

நூஹ் தட்டுவதை நிறுத்துகிறான். குச்சியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பாறையைப் பிடிக்கிறான். இருக்கிறான். ஐம்பத்திரண்டு வினாடி இருக்கிறான். பிறகு அந்த ஓரத்தில் அவன் இல்லை. இடது பக்கத்திலிருந்து திருக்கை வருகிறது. படம் துளிகூட ஆடவில்லை.

அவளுக்குத் தட்டியது நினைவில் இல்லை. கையைக் காட்டியதும் நினைவில் இல்லை. நாலு எண்ணுவதற்குள் திரும்பிப் பார்த்த பழைய நாஸ்மீனாக இருந்திருந்தால் கயிற்றை நீட்டியிருப்பாள்.

அவன் மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். கருவாட்டு மணமும் மெஷின் எண்ணெய் மணமும் கலந்திருந்த சமையலறையில் அவள் கணினியை அவன் பக்கம் திருப்பினாள். அவன் கொஞ்சம்தான் பார்த்தான். மூடிவிட்டான்.

"தெரியுமா உனக்கு?" என்றாள்.

"நான்தானே தட்டினேன், எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல? துறையில அத்தனை பேர் முன்னாடி நான் கத்தினப்ப ஏன் சொல்லல?"

அவன் சோற்றில் சாற்றை ஊற்றிக்கொண்டான். "சொன்னா என்ன ஆகும்? நீ அப்புறம் தண்ணியில காலை வைப்பியா? கேமராவைத் தூக்கிக் கிணத்துல போட்டுடுவே. எனக்கு மெஷின் பழகிடுச்சு."

"பொய்."

"சரி, பொய். அழிச்சிடு அதை. முதல் நிமிஷத்தை மட்டும் அழி. மீதி நல்லா இருக்கு."

"நூஹ்..."

"என் பேரை நான் பார்த்துக்கிறேன், நாஸூ. நீ கை வைக்காதே."

அவள் அழிக்கவில்லை. அழிப்பது ஒரு பொத்தான்தான், இரண்டு தடவை அதன்மேல் விரலை வைத்து எடுத்தாள். இரவெல்லாம் அவன் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் தூங்குகிற மாதிரி படுத்திருந்தார்கள். பெருநாளன்று ஊரே பார்க்கத் திரையில் அந்தத் திருக்கை வரும், கை தட்டுவார்கள், அவன் கூட்டத்தின் பின்னால் நின்று தானும் தட்டுவான். அதையே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

காலையில் வேலைக்குப் போகும் வழியில் அத்ஹமின் கடைக்குள் நுழைந்தாள். தேநீரும் குல்ஹா என்கிற மீனுருண்டையும் வைத்துக்கொண்டு ஆறேழு பேர் இருந்தார்கள், ஜாபிரும் இருந்தார். பின்பக்கத்திலிருந்து மெஷின் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. டிவியில் வழக்கம்போலத் திருக்கையின் வயிறு.

"வா, வா, டிவி ஸ்டார்" என்றார் அத்ஹம்.

"இதை மாத்திப் போடணும்" என்று பென் டிரைவை நீட்டினாள். "சத்தத்தையும் வைங்க."

முதல் தட்டல் கேட்டதும் ஜாபிர் கோப்பையைக் கீழே வைத்தார். எல்லாருக்கும் தெரிந்த தட்டல். உள்ளங்கை வந்தது. ஐம்பத்திரண்டு வினாடியும் ஓடியது.

அத்ஹம் அவளைப் பார்க்காமல் கேட்டார். "யார் கை அது?"

"என் கை."

"திருக்கையைப் பார்த்துட்டு இருந்தியா?"

"ஆமா."

"துறையில நீதானே சொன்னே, தட்டலைன்னு?"

"நான்தான் சொன்னேன். தட்டியிருக்கான். ரெண்டு கை தூரம். கொக்கியும் அவனோடது." மெஷின் இரைச்சல் நின்றிருந்தது. பின்கதவில் நூஹ் நின்றுகொண்டிருந்தான், எப்போது வந்தான் என்று தெரியவில்லை. டிவியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். திரும்பிக் கொட்டகைக்குப் போய் மெஷினைப் போட்டான்.

"என்னைக் காப்பாத்தச் சொல்லி உன்னை யாரு கேட்டா?" என்று வீட்டில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். பிறகு ஒன்பது நாள் பேசவில்லை. பெருநாளுக்குத் திரை கட்டவில்லை, பாட்டு மட்டும் போட்டார்கள். ஊர்ப்பேச்சு அவனை விட்டு அவள்மேல் வந்து உட்கார்ந்தது. சுகாதார நிலையத்தில் சீட்டு வாங்க வந்த பெண்கள் சன்னலுக்கு வெளியே நின்று, "கொஞ்சம் இரு, கொஞ்சம் இரு" என்று உள்ளங்கையைக் காட்டிச் சிரித்துக்கொண்டார்கள். ஹவ்வா வேலிக்கு மேலே எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் கிணற்றடியில் தனியாகப் பார்த்தபோது, "அதை நீ காட்டாம இருந்திருக்கலாம். காட்டினது நல்லதும்தான். எனக்கு ஒண்ணும் புரியல" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

அத்ஹம் ஒரு மாதம் கழித்து நூஹைத் திரும்பத் தண்ணீரில் இறக்கினார். நாஸ்மீனுக்கு ஒரு நிபந்தனை வைத்தார்: கேமராவோடு இறங்கினால் கூட வருகிறவர் அவளோடு கயிற்றால் இணைந்திருக்க வேண்டும், அந்த ஆள் நூஹாக இருக்கக் கூடாது. அவள் எட்டு மாதம் இறங்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கேமராக் கூடு சமையல் மேசைமேல் இருந்தது. அதன் ரப்பர் வளையத்தை யாரோ கழற்றி, மணல் போகக் கழுவி, எண்ணெய் தடவி மாட்டியிருந்தார்கள். நூஹ் அதற்குள் தோணிக்குப் போய்விட்டிருந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை இறங்கினாள்.

இதெல்லாம் நடந்து ஆறு வருஷம் ஆகிறது. நூஹ் வாரத்தில் ஆறு நாள் விருந்தினர்களைக் கூட்டிக்கொண்டு இறங்குகிறான். நாஸ்மீன் வெள்ளிக்கிழமைகளில் ஜாபிரின் மகளோடு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, ஆழமில்லாத உள்கடலில் படம் எடுக்கிறாள். பத்து எண்ணுவதற்குள் ஒருதரம் வலது பக்கம் திரும்புவதால் அவள் படங்கள் கொஞ்சம் ஆடும். வடக்கு வாய்க்கு அவள் போவதில்லை. வீட்டில் நூஹ் இப்போது எதையும் தட்டுவதில்லை. பேர் சொல்லிக் கூப்பிடுகிறான், அவள் முழுக்கத் திரும்பிப் பார்த்த பிறகுதான் பேசுகிறான்.